தண்ணீர்ச் சாட்சி

என்னுடைய சிறுநீரகம் முப்பது வயது ஆளுடையது மாதிரி இருக்கிறதாம். வாரியத்து மேடம் ஜெசிந்தா என் முழங்கைக்குக் கீழே கருவியை வைத்துப் பார்த்துவிட்டு இதைச் சொன்னார். அதே நேரத்தில் தெருக்கோடியில் நாகரத்தினத்தைக் கட்டிலோடு தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் நிஜமாகவே முப்பது வயதுக்காரன். வாரத்துக்கு இரண்டு தடவை டவுன் ஆஸ்பத்திரியில் அவனுடைய ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடுகிறார்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. வாழ்நாள் பூராவும் கரிமூட்டம் போட்டுப் புகையைத் தின்ற உடம்பு.

“செம்பொட்டல் தண்ணிதான் இந்தத் தாலுகாவுலயே முதல் இடம், ஐயா,” என்றார் மேடம். “எனக்கே சந்தோஷமா இருக்கு.”

“அங்கிட்டுப் பாருங்க,” என்றேன்.

அவர் வேனைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். மறுபடியும் வேனைப் பார்த்தார். கெட்ட மனுஷி கிடையாது. தூத்துக்குடிப் பக்கம் வலைக்காரர் வீட்டுப் பெண். ஆனால் அரசாங்கத்துச் சம்பளம் வாங்குகிறவர் நல்லவராக இருந்தாலும் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவேன்.

“ஒடம்பு ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி,” என்று சொல்லிவிட்டுக் கருவியைப் பைக்குள் வைத்தார்.

இந்தச் சாட்சி ஏற்பாடு என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சீமையில் எங்கே தோண்டினாலும் உவர்தான், ஆற்றுமணலில் கசிகிற கொஞ்சம் ஊற்றைத் தவிர. மழை வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கடலோரத்தில் ஒருத்தன் ஆலை வைத்து, கடல்தண்ணீரில் உப்பை எடுத்து, குழாயில் ஊர் ஊராக அனுப்புகிறான். அந்தத் தண்ணீர் தரமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு வாரியம். சட்டம் வந்த வருஷம் மேடம் எங்கள் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் ஊரைக் கூட்டிவைத்துப் பேசினார்.

“மீட்டரு வைக்க வேண்டியதுதான?” என்று கேட்டான் கொம்பையா. டீக்கடை வைத்திருக்கிறான். இறந்துபோன என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான்.

“வெச்சோம். மீட்டருக்கு மட்டும் நல்ல தண்ணி வர்ற மாதிரி ஆலையில தனியா ஒரு குழாய் இழுத்துட்டாங்க.”

“பாட்டில்ல பிடிச்சு அனுப்புங்க.”

“அனுப்பினோம். வழியிலயே பாட்டில் மாறிடுது.”

“அப்ப என்னதான் செய்யப் போறீக?”

“மனுஷ ஒடம்ப மாத்த முடியாதுல்ல,” என்றார் மேடம். “ஊருக்கு ஒருத்தர். கையில அரிசி அளவுல ஒரு மணி வைப்போம். அவர் குடிக்கிற தண்ணி ரத்தத்துல என்ன பண்ணுதுன்னு அது நாள் தவறாம குறிச்சுக்கும். மூணு வருஷம். அந்த ஒடம்பு கெட்டா ஆலைக்காரன் குழாய மூடணும், சரிபண்ற வரைக்கும் லாரியில நல்ல தண்ணி தரணும். ஒடம்பு நல்லா இருந்தா அவனுக்குப் பத்து வருஷத்துக்குச் சான்று.”

அப்புறம் விதிகளைச் சொன்னார். சாட்சி தன் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது. தானாக மொண்டு குடித்தால் செல்லாது. வேறொரு ஊரில் சாட்சியாக இருந்தவன் நஷ்டஈட்டுக்கு ஆசைப்பட்டு வேண்டுமென்றே சாக்கடையைக் குடித்துவிட்டானாம். அதனால் சாட்சிக்கு வீட்டு முறை. வீட்டுக்கு இரண்டு நாள். சோறும் தண்ணீரும் அந்த வீட்டில்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் வாரியம் ஒரு செம்பு கொடுக்கும், யார் கை ஊற்றியது என்று அது குறித்துக்கொள்ளும். வீட்டுக்காரர் கையால் ஊற்றிக் கொடுத்தால்தான் செம்புக்கும் மணிக்கும் கணக்கு ஒத்துப்போகும்.

“அப்ப கோயில் மாடு மாதிரி,” என்றான் கொம்பையா. “வீட்டுக்கு வீடு மேயலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாரைப் போடுவது என்று பேச்சு வந்தது.

“வில்லாயுதம் மச்சானப் போடுங்க. அவரு தன் நெழலு பின்னால வந்தாலே ரெண்டு தடவ திரும்பிப் பாப்பாரு. அவர யாரும் ஏமாத்த முடியாது.”

அப்படித்தான் நான் சாட்சியானேன். கொம்பையா சொன்னது உண்மை. நான் யாரையும் நம்பவில்லை. மணியை வைத்த நாளிலிருந்து அந்தக் கையை முண்டாசுத் துணியால் சுற்றியே வைத்திருந்தேன். வாரியத்தைத் திட்ட வேண்டுமென்றால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டுத்தான் திட்டினேன். மணிக்குக் காது இல்லை என்று மேடம் எத்தனையோ தடவை சொன்னார். இருக்கிறது என்றா சொல்லப் போகிறார்? வெளியூர் ஆள் கொடுத்த வெற்றிலையைக்கூட வாயில் போடவில்லை. ஆலைக்காரனுடைய ஆள் ஒருவன் பழக்கூடையோடு வந்தபோது நாயை அவிழ்த்துவிட்டேன்.

வெளியிலிருந்து வருகிறவனைத்தான் காவல் காத்தேன். ஊருக்குள் இருப்பவர்களைப் பார்க்கவே இல்லை.

நாகரத்தினம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் அவன் வீட்டு முறை. மற்ற வீடுகளில் வாசல் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வேன், செம்பு தானாக வரும். அன்றைக்கு அவனைப் பார்க்க வேண்டுமென்று நேராக உள்ளே போய்விட்டேன். கட்டிலில் படுத்திருந்தான். கால் இரண்டும் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. அவன் மனைவி பஞ்சவர்ணம் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். மூலையில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்திருந்த நீல டிரம்மில் டம்ளரை முக்கி இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவனுக்கு அதற்கு மேல் குடிக்க அனுமதி இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான்.

பிறகு அவள் வாரியத்துச் செம்பை எடுத்தாள். டிரம் பக்கம் போகவில்லை. அடுப்படிக்குள் போய், மண்பானையின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

“ஏத்தா, அது என்ன தண்ணி?”

“சீரகத் தண்ணி மாமா. காய்ச்சி ஆற வெச்சது.”

“சீரகம் போடுறதுக்கு முந்தி அது என்ன தண்ணி?”

கட்டிலிலிருந்து நாகரத்தினம் சொன்னான்.

“ஊத்துத் தண்ணி மாமா. ஆத்துக்குள்ள போயி மத்தியானம் பூரா குழிக்குள்ள உக்காந்து செரட்டையில சொரண்டி எடுத்தாருவா.”

“அப்ப உனக்கு?”

“எனக்கு மாத்திரை முழுங்க ரெண்டு மடக்கு. அதுக்கு எதுக்கு அந்தத் தண்ணி.”

நான் பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன். அவள் செம்பை நீட்டிய கையோடு நின்றாள்.

“ஊருக்காகக் கையில ஊசி ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வர்றீக. உங்க கையில போயி அந்தக் கசப்பத் தர்றதாக்கும்? எங்க அப்பா வந்தாத் தருவேனா?”

“எல்லா வீட்டுலயும் இப்படித்தானா?”

“எனக்கு என் வீடுதான மாமா தெரியும்.”

அன்றைக்கே ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லா வீட்டிலும் அதேதான். ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மற்ற வீடுகளில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவார்கள், நம் வீட்டிலாவது மனுஷனுக்கு நல்லது கொடுப்போம் என்று ஒவ்வொருத்தரும் நினைத்திருக்கிறார்கள். வந்தவருக்கு ஊற்றுத் தண்ணீர், வீட்டில் இருப்பவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சம்பந்தக்காரர் வந்தாலும் சரி, சாமியாடி வந்தாலும் சரி. கசந்த தண்ணீரை வந்தவர் கையில் கொடுத்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தலை நிமிராது. அரசாங்கம் எல்லாவற்றையும் யோசித்துச் சட்டம் போட்டது. இதை யோசிக்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். நாக்கு புகையில் செத்துவிட்டது, சீரகம் வேறு போட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் செத்த நாக்குக்கும் தொண்டை என்று ஒன்று இருக்கிறது. அந்தத் தண்ணீர் இறங்கும்போது சுகமாக இருந்தது. ஏன் இவ்வளவு சுகமாக இருக்கிறது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பழக்கூடைக்காரனை நாயை விட்டுத் துரத்திய ஆள்.

மேடத்துக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

“நீங்க சொன்னத அப்படியே எழுதி அனுப்புறேன் ஐயா. ஆனா நிக்காது.”

“ஏன் நிக்காது? நான்தான சாட்சி. நான்தான சொல்றேன்.”

“நீங்க வாயால சொல்றது சாட்சி இல்ல. ஒங்க ஒடம்பு சொல்றதுதான் சாட்சி. சட்டம் அப்படி. ஆலை வக்கீல், கடைசி நேரத்துல யாரோ கெழவர மெரட்டிட்டாங்கன்னு ஒரே வரியில முடிச்சிருவாரு.”

“அப்ப?”

“மூணு வருஷக் கெடு மார்கழியோட முடியுது, அதுக்கு இன்னும் நாள் இருக்கு. அதுக்குள்ள மணி வேற மாதிரி சொன்னா நிக்கும். குழாய்த் தண்ணி அவ்வளவு மோசம்னா ஒரு மாசத்துல காட்டிரும்.” இதைச் சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. “உங்க வயசுக்கு அது நல்லதில்ல. நான் எதையும் செய்யச் சொல்லல, ஐயா. சொல்லவும் கூடாது.”

நான் ஊரைக் கூட்டினேன். தொட்டிக்கு அடியில் நின்று கும்பிட்டுக் கேட்டேன். இனிமேல் எனக்கு ஊற்றுத் தண்ணீர் வேண்டாம், நீங்கள் குடிப்பதையே கொடுங்கள், இல்லாவிட்டால் இன்னும் பத்து வருஷத்துக்கு இந்தத் தண்ணீர்தான், நாகரத்தினத்துக்குப் பின்னால் இன்னும் யார் யாரோ கட்டிலில் போவார்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சில பெண்கள் அழுதார்கள். கொம்பையா, “செஞ்சிருவோம் மச்சான், விடுங்க,” என்றான்.

அடுத்த தடவை மேடம் வந்து கருவியை வைத்தபோது திரையில் கோடு அசையாமல் படுத்துக் கிடந்தது.

கொம்பையா வீட்டுக்குப் போய் அவன் மனைவியைக் கேட்டேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“எல்லாரும் கொழாத் தண்ணி குடுக்கும்போது எங்க ஒரு வீட்டுத் தண்ணியில என்ன ஆயிறப் போகுதுன்னு நெனச்சேண்ணே. உங்க வயசுக்கு அதக் குடிச்சா தாங்குமா?”

இந்தப் பதிலையே வீட்டுக்கு வீடு கேட்டேன். திட்டினேன். திட்டத் திட்ட அவர்களுக்கு என்மேல் பாசம் கூடியது. பாவம் மனுஷன் ஊருக்காகச் சாகத் துணிந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். ஊற்றில் முதல் சிரட்டைத் தண்ணீரை எனக்கென்று எடுத்துவைக்க ஆரம்பித்தார்கள். இவர்களுடைய நல்ல மனசு இருக்கும்வரைக்கும் ஆலைக்காரன் தைரியமாகத் தூங்கலாம் என்று எனக்குப் புரிந்தது.

என் மகன் பாண்டித்துரை ஆலை வாசலில் காவல் வேலை பார்க்கிறான். நான் சாட்சியான மறுவருஷம் வரிசையில் நின்று, பரீட்சை எழுதி, அவனாக வாங்கிய வேலை. நான் செய்யப்போகிறதுக்கு அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான். காலையில் டீக்கடை நிறைய ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தேன்.

“என்ன மச்சான், இன்னிக்கு எந்த வீட்டு மேய்ச்சல்?” என்றான் கொம்பையா.

“எந்த வீடா இருந்தா என்ன. எல்லா வீட்டுலயும் ஊத்துத் தண்ணிதான.”

“அதான் இனிமே குடுக்க மாட்டாகளே.”

“குடுக்கட்டும்டா. மூணு வருஷமா குடுத்ததுதான. எனக்கு மொத நாளே தெரியும்.”

டீ ஆற்றிய கை நின்றது. “என்ன தெரியும்?”

“அது கொழாத் தண்ணி இல்லன்னு. எனக்குத் தெரியாம இருக்குமா? ஏன் வாயத் தொறக்கலன்னு கேளு. எம் மகன் ஆலையில எப்படி வேலைக்குச் சேந்தான்னு நெனைக்கிற? ஒங்க கூட்டத்துல போயி அழுதது ஊரு வாய அடைக்க. நீங்கதான் எப்படியும் குடுப்பீகன்னு தெரியுமே.”

பொய் சொன்னால் நாக்கு குழறும் என்பார்கள். எனக்குக் குழறவில்லை. அதில் பாதி உண்மையாக இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

யாரும் கத்தவில்லை. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் எழுந்து போனான். அப்புறம் இன்னொருவன். கொம்பையா எனக்கு ஆற்றிய டீயைத் தரையில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவினான். சாதாரணமாக ஒரு தடவை கழுவுகிறவன். அன்றைக்கு நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்தான்.

“நான் கூடப்பொறந்த அக்காவக் குடுத்தேன் ஒனக்கு,” என்று மட்டும் சொன்னான்.

அன்றைக்கு முறை வீட்டில் செம்பு வந்தது. வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வாயில் வைத்தேன். அடித்தொண்டையில் பித்தளையை நக்கின மாதிரி ஒரு கசப்பு. இதைத்தான் எங்கள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து குடிக்கின்றன. செம்பை வாசலில் வைத்துவிட்டுப் போனால் போதாது, கையால் ஊற்ற வேண்டும் என்று அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஊற்றினார்கள். முகத்தைப் பார்க்காமல் ஊற்றினார்கள். நான் நினைத்தது நடந்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டும். ஆனால் ஒரே ஒருவர்கூட, இல்லை, இந்த ஆள் அப்படிச் செய்யமாட்டான் என்று சொல்லவில்லையே என்று இருந்தது. எழுபது வருஷம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன். ஒரு டீ ஆறுவதற்குள் நம்பிவிட்டார்கள்.

பாண்டித்துரை ஊருக்கு வந்தபோது அவன் முகத்துக்கு நேராக யாரோ துப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம், “நெசமாப்பா?” என்று கேட்டான். நான் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மறுபடியும் சுற்றினேன். பையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே போய்விட்டான். மார்கழி முடியட்டும், அவனிடம் சொல்லிக்கொள்ளலாம். அப்போது நம்புவானா என்பது தெரியாது.

ஒரு மாதத்தில் என் காலும் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது.

மேடம் வந்தார். கருவியை வைத்ததும் முகம் மாறியது. சட்டம் என்னிடம் காட்டச் சொல்லவில்லை, ஆனாலும் திரையை என் பக்கம் திருப்பினார். கோடு பனைமரம் மாதிரி நட்டுக்குத்தலாக ஏறியிருந்தது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் பள்ளம்.

“இது என்ன குழி?”

“இந்த ரெண்டு நாளு நீங்க நல்ல தண்ணி குடிச்சிருக்கீங்க.”

எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை. எந்த வீட்டில் தொண்டை கசக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

“அது ஒண்ணுதான? மிச்சமெல்லாம் ஏறிக் கெடக்கே. போதாதா?”

“போதாது ஐயா. வக்கீல் இந்த ஒரு குழியைத்தான் பிடிப்பாரு. அதே குழாய், அதே தெரு, ஒரு வீட்டுல மட்டும் தண்ணி நல்லா இருக்கு. அப்ப குழாய் சரியாத்தான் இருக்கு, மத்தவங்க டிரம்மக் கழுவறதில்லன்னு சொல்லுவாரு.” அவர் கருவியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “இன்னும் ஒரு தடவைதான் நான் வருவேன். கடைசிக் கணக்குதான் நிக்கும், அதுல குழி இருக்கக் கூடாது.”

பஞ்சவர்ணம் வீட்டு முறை மறுபடியும் வந்தது. நான் போகும்போது நாகரத்தினம் கட்டிலில் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தான். அவள் என்னைப் பார்த்ததும் முக்காலியை எடுத்துப் போட்டாள். ஊரில் எனக்கு உட்கார இடம் கொடுக்கிற வீடு அது ஒன்றுதான்.

“கால் என்ன மாமா இப்படி வீங்கிக் கெடக்கு? கெட்ட சனம். சொன்னா அப்படியே நம்பிருவாகளா?”

“நீ நம்பலயா?”

“நீங்களாவது, வேலை வாங்கிக்கிட்டு வாய மூடிக்கிறதாவது.” செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள். “இவுக படுத்தப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது யாரு? எனக்குத் தெரியாதா உங்கள.”

“பஞ்சவர்ணம், டிரம்முத் தண்ணிய ஊத்து.”

“சும்மா இருங்க மாமா. எங்க வீட்டுல ஒருத்தருக்கு வந்தது போதும்.”

பானைத் துணியை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. நல்லபடியாகச் சொன்னால் இவள் கேட்கமாட்டாள். காலில் விழுந்தாலும் கேட்கமாட்டாள். கெஞ்சக் கெஞ்ச ஊற்றுக் குழியில் இன்னும் ஒரு மத்தியானம் உட்காருவாள். அவளுக்குச் சத்தமாகக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“உம் புருஷன் விழுந்த அன்னைக்கே எனக்குத் தெரியும், இது தண்ணியாலதான்னு. தெரிஞ்சுதான் தூக்கிட்டுப் போனேன். வர்ற வழியிலயே யோசிச்சுட்டேன். இவன் எப்படியும் போகப் போறவன். போறவனுக்காக எம் மகன் வேலைய விடணுமா?”

அடுப்படியில் சத்தம் நின்றுவிட்டது.

கட்டிலில் நாகரத்தினம் திரும்பவில்லை. அவன் முதுகு மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது. அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். அது எனக்குத் தெரிந்தேதான் சொன்னேன்.

பஞ்சவர்ணம் வெளியே வந்தாள். அழவில்லை. செம்பில் இருந்த ஊற்றுத் தண்ணீரைத் திரும்பவும் பானையில் ஊற்றிவிட்டு வந்திருந்தாள். நீல டிரம்மின் மூடியைத் திறந்து செம்பை முக்கினாள். தண்ணீர் சொட்டச் சொட்ட என் கையில் கொடுத்தாள். நான் நின்றுகொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் வேணுமா?” என்று கேட்டாள். மாமா என்று சொல்லவில்லை.

நான் செம்பை நீட்டினேன்.